காரில் ஓடாத சிடி: இருபது ஆண்டு கழித்து ஒரு மதிப்புரை

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பாளையங்கோட்டை வீட்டின் பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது, 2005ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் 395 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஓர் ஆங்கிலப் பாடல் சிடி கையில் அகப்பட்டது. அதைப் பற்றி அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எரிச்சல் தணியட்டும் என்று விட்டுவைத்தது இருபது ஆண்டாகிவிட்டது. பழைய சிடிக்களைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்களை இப்போது அங்கங்கே காண முடிகிறது. அவர்களில் என் அக்காள் மகனும் ஒருவன். அவனைப் போன்றவர்கள் இந்த வகைச் சரக்கைத் தெரியாமல் வாங்கி ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையோ பாடிய குழுவின் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை. பாட்டின் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. என் குறையெல்லாம், கணினியில் நகலெடுக்க விடாமல் செய்ய அந்தச் சிடியிலேயே எழுதி வைத்திருந்த நகல் தடுப்புப் பூட்டின் மீதுதான்.

வாங்கிய கடை திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் காத்திருக்க வேண்டிய அளவுக்கு ஒடுக்கமான ஒரு கேசட் கடை. கடைக்கார அண்ணாச்சி எண்பதுகளில் பதிவு செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். கோடு போட்ட தாளில் வேண்டிய பாடல்களை வரிசையாக எழுதி, தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து நம் வரிசைப்படியே பதிந்து தருவார். பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் அது வீணாகக் கூடாதென்று ஒரு நாகசுர உருப்படியின் துண்டை அவராகவே சேர்த்துவிடுவார். சட்டப்படி பார்த்தால் அந்தத் தொழிலே சரியானதல்ல என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், நமக்குப் பிடித்ததை நமக்குப் பிடித்த வரிசையில் கேட்கலாம் என்ற பழக்கத்தை எங்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தவை அத்தகைய கடைகள்தாம். சிடி வந்த பிறகு அண்ணாச்சி பதிவுத் தொழிலை விட்டுவிட்டு அசல் சரக்கை மட்டுமே விற்றார். அசலுக்கு அவர் மாறிய நேரம் பார்த்து, அசலே அவர் காலை வாரிவிட்டது.

சிடியின் உறை பளபளப்பான காகிதத்தில் நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தது. அதன் மேல் இறுக்கமான பாலித்தீன் சுற்று. பின்னட்டையின் அடியில், பெரும்பாலான பிளேயர்களிலும் கணினிகளிலும் இது ஓடும் என்று நன்னம்பிக்கையூட்டும் ஒரு வாசகம் இருந்தது. எந்தெந்தக் கருவிகளில் ஓடாமல் போகலாம் என்னும் பட்டியலோ உள்ளே மடித்து வைத்த தனித்தாளில் இருந்தது. கார் பிளேயர், டிவிடி பிளேயர், எம்பி3 வசதியுள்ள பிளேயர் என்று நீண்ட அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டுமானால் பாலித்தீனைக் கிழித்தாக வேண்டும். கிழித்த சிடியைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்பதும் அதே தாளில் கண்ட நிபந்தனை. சென்ற வாரம் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் பின்னட்டை எழுத்தின் உயரத்தை அளந்து பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை.

வீட்டில் இருந்த பழைய ஒற்றைச் சிடி டெக்கில் அது முதலிலிருந்து கடைசி வரை தங்குதடையின்றி ஓடியது. ஒலிப்பதிவு நன்றாகவே இருந்தது. பாஸ் கிதார் சுவரோடு ஒட்டி நின்று பேசியது, தாளத்தட்டின் ஓசை இழுவையில்லாமல் அடங்கியது. அன்றிரவு வரை 395 ரூபாய் வீண் போனதாக நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் சீசனுக்குக் குடும்பத்தோடு மாருதி 800இல் கிளம்பினோம். பேட்டையைத் தாண்டியதும் சிடியைக் காரிலிருந்த பிளேயரில் செருகினேன். உள்ளே குர்ரென்று சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது, மூன்றாவது முறை முயன்றுவிட்டு வெளியே தள்ளியது. பின்னிருக்கையில் இருந்த ஆறு வயது அக்காள் மகன், "மாமா, அது துப்பிட்டு" என்றான். ஆலங்குளத்தில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தேன், கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் துப்பியது. கடைசியில், பேருந்து நிலைய நடைபாதையில் 30 ரூபாய்க்கு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்த திருட்டு எம்பி3 தட்டைச் செருகினோம். மெலிந்த காகித உறையில், எழுத்துப்பிழையோடு அச்சான அட்டையுடன் விற்ற அந்தத் தட்டு குற்றாலம் போய்த் திரும்பும் வரை ஒரு விக்கல்கூட இல்லாமல் பாடியது. காசு கொடுத்து முறையாக வாங்கியவனைத் திருடனாகக் கருதிப் பூட்டிய பொருள் ஓடவில்லை; உண்மையில் திருடிய பொருள் ஓடியது. இந்தச் சிடியைப் பற்றிய என் மதிப்பீடு ஏறக்குறைய அந்தச் சாலையிலேயே முடிவாகிவிட்டது.

திங்கட்கிழமை மாலை கடைக்குப் போய், "அண்ணாச்சி, கார்ல ஓடமாட்டேங்கு" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மேசைக்கடியிலிருந்து அதே தொகுப்பின் நான்கு சிடிக்களை எடுத்து முன்னால் வைத்தார். நான்கும் பிரித்தவை. "உங்களுக்கு மட்டும் இல்ல சார். கம்பெனிக்காரங்கிட்டச் சொன்னா, பிரிச்சதை எடுக்க மாட்டாங்களாம். உங்களுக்கு வேற ஒண்ணு தாரேன், போட்டுப் பாருங்க" என்றார். மாற்றிக் கொடுத்ததும் அவ்வாறே துப்பியது. பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. நட்டம் அவர் கையிலிருந்துதான் போகும் என்பது அந்த நான்கு சிடிக்களைப் பார்த்தாலே தெரிந்தது. கடையைப் பற்றி மட்டும் மதிப்புரை எழுதுவதாயிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

இது ஏன் இப்படி நடந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிடிக்கான இலக்கணத்தைப் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் வகுத்தன. ரெட் புக் என்று அதற்குப் பெயர். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, நொடிக்கு 75 பகுதிகளாகப் பிரித்து எழுதுவதும், தட்டின் உள்வட்டத்தில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்னும் பொருளடக்கத்தை வைப்பதும் அந்த இலக்கணத்தில் அடங்கும். பூட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் செய்தது, பாடல்கள் முடிந்த பிறகு வெளிவட்டத்தில் கணினிக்கென இரண்டாவது பகுதி ஒன்றைச் சேர்த்து, அதில் வேண்டுமென்றே தவறான பொருளடக்கம் எழுதியதுதான். பழைய டெக் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டுப் பாடத் தொடங்கிவிடும். கணினியோ கடைசிப் பகுதிவரை தேடிப் போய்க் குழம்பி நிற்கும். எம்பி3 படிக்கும் கார் பிளேயர்களிலும் டிவிடி பிளேயர்களிலும் இருப்பது கணினியில் உள்ளதைப் போன்ற இயக்கியே (தட்டைச் சுழற்றிப் படிக்கும் டிரைவ்). ஆகவே அவையும் குழம்பின. என் மாருதியில் இருந்த பிளேயரைக் கணினித் திருடன் என்று இந்தச் சிடி முடிவு செய்துவிட்டது.

இதைவிட மோசமான இன்னொரு வழியும் சில பூட்டுகளில் இருந்தது. தட்டில் கீறல் விழுந்தாலும் ஒலி கெடாமல் இருப்பதற்காக, பிழை திருத்தும் உபரித் தகவல் சிடியில் சேர்த்தே எழுதப்படுகிறது. தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வரை சேதமடைந்தால்கூட அதை முழுமையாகச் சரிசெய்யும் ஆற்றல் அந்த ஏற்பாட்டுக்கு உண்டு. அந்தத் திருத்தக் கணக்கையே ஆங்காங்கே கெடுத்து வைத்தார்கள். வீட்டுப் பிளேயர் இடைவெளியை உத்தேசமாக நிரப்பிப் பாடிவிடும். கணினி நகலெடுக்க முயன்றால் டிக், டிக் என்ற ஓசை விழும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. கீறலுக்காக வைத்த சேமிப்பைத் தொழிற்சாலையிலேயே செலவழித்துவிட்ட அத்தகைய தட்டில் பிறகு உண்மையான கீறல் விழுந்தால் தாங்குவதற்கு என்ன மிஞ்சும்? எங்கள் ஊர்ப் புழுதியில் இதைச் சின்ன விஷயமென்று தள்ளிவிட முடியாது. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் கிடக்கும் சிடி எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால்தான் அசலை வீட்டில் வைத்துவிட்டு, 10 ரூபாய் வெற்று சிடியில் ஒரு நகல் எடுத்துக் காரில் போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. அந்த நகலைத்தான் இந்தப் பூட்டு தடுத்தது. நடைபாதைத் தட்டைத் தடுக்கவில்லை. உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரே ஒரு முறை பூட்டைத் திறந்துவிட்டால் போதும், அதன்பின் எல்லா நடைபாதைக்கும் சரக்கு வந்துவிடும்.

எனக்கு நேர்ந்தது ஊருக்கு ஊர் நேர்ந்திருக்கிறது. 2001 நவம்பரில் இங்கிலாந்தில் பாடகி நேடலி இம்ப்ரூலியாவின் தொகுப்பைப் பிஎம்ஜி நிறுவனம் பூட்டோடு வெளியிட்டபோது, வாங்கியவர்கள் கொடுத்த புகார்களால் பூட்டில்லாத தட்டாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு பாடகி செலின் டியோனின் தொகுப்பு ஐரோப்பாவில் வந்தபோது, அதைச் செருகிய ஆப்பிள் கணினிகள் சில தட்டை வெளியே விடாமல் முடங்கின. அந்தப் பூட்டையும், தட்டின் வெளியோரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தே ஏமாற்றிவிடலாம் என்பது 2002 மே மாதத்தில் ஊரறிந்த செய்தியானது. சிடியைப் பெற்றெடுத்தவர்களில் ஒருவரான பிலிப்ஸே, இத்தகைய தட்டுகள் இலக்கணப்படி சிடியே அல்ல, ஆகவே Compact Disc என்று எழுதிய சிடி முத்திரையை அவற்றின் மேல் அச்சிடக் கூடாது என்று கூறியது. என்னுடைய தட்டை எடுத்துப் பார்த்தேன். முன்னட்டையிலும் இல்லை, பின்னட்டையிலும் இல்லை, தட்டின் மேலும் இல்லை. சிடி என்று நம்பி நான் வாங்கிய பொருள், தன்னைச் சிடி என்று எங்குமே சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், எல்லாப் பிளேயரிலும் கார் ரேடியோவிலும் இது ஓடாது என்ற எச்சரிக்கையை உறையின் பின்புறம் 2.5 மில்லிமீட்டர் எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2003இல் நாந்தேர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் அளவுகோலை எடுத்ததற்குக் காரணம் அந்தத் தீர்ப்புதான்.

கணினியில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியின் ஆய்வகத்தில், விண்டோஸ் கணினி ஒன்றில் இந்தச் சிடியைப் போட்டதும் தானாகவே ஒரு சிறிய பிளேயர் திரையில் எழுந்தது. அது பாடியது உண்மையே, ஆனால் சுருக்கி வைத்த தனிக் கோப்பிலிருந்து பாடியது. வீட்டில் கேட்ட தாளத்தட்டு அங்கே சருகை மிதித்ததுபோல் ஒலித்தது. பக்கத்திலிருந்த லினக்ஸ் கணினியில் போட்டபோது அந்தக் கணினி எவ்விதக் கலக்கமும் இன்றிப் பாடல்களைப் படித்தது. விண்டோஸிலும், சிடியைச் செருகும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் பூட்டின் மென்பொருள் எழாது என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஜான் அலெக்ஸ் ஹால்டர்மேன் 2003 அக்டோபரில், சன்காம் நிறுவனத்தின் பூட்டை வைத்து எழுதிக் காட்டியிருந்தார். அவர் மீது வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய அந்நிறுவனம் ஓரிரு நாளிலேயே பின்வாங்கியது. ஒரு விசையை அழுத்தியதற்கு வழக்கென்றால் நீதிமன்றமே சிரித்திருக்கும்.

அந்த ஆண்டுக் கடைசியில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர், சோனி பிஎம்ஜி வெளியிட்ட ஒரு சிடி தம் கணினிக்குள் ஒரு மறைவு மென்பொருளை நிறுவியிருப்பதை விவரமாக எழுதி வெளியிட்டார். எக்ஸ்சிபி என்ற அந்தப் பூட்டு, ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் பயனர் கண்ணிலிருந்து மறைத்தது. தன் கோப்பை மட்டும் மறைத்துக்கொண்டிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். அதே முன்னொட்டைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட எந்த வைரஸும் அந்த நிழலில் ஒளிந்துகொள்ள முடிந்தது, சில வாரங்களில் அப்படிப்பட்ட வைரஸ்களும் வந்துவிட்டன. மறைவு மென்பொருள் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் வானொலியில் பேசியது எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்தது. 52 தொகுப்புகளில் அந்தப் பூட்டு இருந்தது. நவம்பரிலேயே தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். டெக்சாஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. சேதமடைந்த கணினிக்கு 150 டாலர் வரை ஈடு கொடுக்க 2007 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் நிறுவனம் ஒப்புக்கொண்டது. என்னுடையது அந்த வகைப் பூட்டல்ல என்று உறுதி செய்துகொள்ளும் வரை, ஆய்வகப் பொறுப்பாளர் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டுக் கேட்கப் போட்ட ஒரு தட்டுக்காக நாற்பது மாணவர் பயன்படுத்தும் கணினியைத் துடைத்து எழுத நேர்ந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அதே 2007 ஜனவரியில் இஎம்ஐ நிறுவனமும் சிடிக்களுக்குப் பூட்டுப் போடுவதைக் கைவிட்டது. ஆக, இந்தக் கூத்து ஆறேழு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை.

நுகர்வோர் மன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது, திருநெல்வேலியில் மாவட்ட மன்றமும் இருந்தது. 395 ரூபாய்க்காக வழக்கா என்ற சோம்பலோடு, எதிர்மனுதாரர் வரிசையில் அண்ணாச்சியையும் சேர்க்க வேண்டியிருக்குமே என்ற தயக்கமும் சேர்ந்து என்னைத் தடுத்துவிட்டன. நகலெடுக்கும் உரிமையைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரல் தவிர்த்த எந்தப் படைப்பையும் சொந்தப் பயனுக்காக நியாயமான அளவில் கையாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதே திருத்தம், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றும் வைத்தது. நோக்கம் என்ற சொல்லை அதில் சேர்த்ததற்காகச் சட்டம் எழுதியவர்களைப் பாராட்டுகிறேன்.

சென்ற வாரம் அக்காள் மகனோடு உட்கார்ந்து எல்லாக் கருவியிலும் மறுபடி சோதித்தேன். பழைய டெக்கின் ரப்பர் வாரை மாற்றியதும் சிடி அன்று போலவே முழுக்கப் பாடியது. டிவிடி பிளேயர் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத் தட்டில்லை என்றது. அவனுடைய மடிக்கணினியில் யுஎஸ்பி வழி இணைத்த இயக்கி பத்துப் பாடல்களைச் சுத்தமாகவும், கடைசி இரண்டை டிக் ஓசையோடும் படித்தது. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தபோது தட்டின் வெளியோரத்துக்குச் சற்று உள்ளே மெல்லிய வளையக் கோடு ஒன்று தெரிந்தது. பாடல்கள் முடிந்து பூட்டின் பகுதி தொடங்கும் எல்லை அது. மார்க்கர் பேனாவோடு வந்துவிட்ட மருமகனைக் கையைப் பிடித்துத் தடுத்தேன். இப்போதைய காரில் சோதிக்க வழியில்லை. அதில் சிடி போடும் வாயே கிடையாது.

பழைய புத்தகக் கடையிலோ எடைக்கு எடுப்பவரிடமோ 2001க்கும் 2006க்கும் இடைப்பட்ட வெளிநாட்டுத் தொகுப்பு எதுவும் கிடைத்தால், முதலில் சிடி முத்திரை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லையென்றால் சந்தேகம் கொள்ளுங்கள். பிறகு பின்னட்டையின் அடிப்பொடி எழுத்தைப் படியுங்கள், வாசிக்க முடியவில்லை என்றால் செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து அந்த வளையக் கோட்டைத் தேடுங்கள். அதே கோடு, காணொளியும் சேர்த்து வெளியிட்ட நல்ல சிடிக்களிலும் இருக்கும். ஆகவே அதை மட்டும் கண்டு பயந்துவிட வேண்டாம். மூன்றும் பொருந்தி வந்தால், விண்டோஸ் கணினியில் தானியக்கத்தை (செருகியதும் மென்பொருள் தானாக எழுவதை) நிறுத்தாமல் அதைச் செருகாதீர்கள்.

நான் வைத்திருக்கும் தொகுப்பு பிற்காலத்தில் பூட்டில்லாமலும் அச்சாகியிருக்கிறது. வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். என்னிடம் இருப்பது போன்ற பழைய அச்சுக்கு 50 ரூபாய்க்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். வீட்டில் பழைய டெக் இருப்பவர்கள் மட்டும் அந்த 50 ரூபாயைக் கொடுக்கலாம்.